நீல ஒளிக்குப் பின் அணைய மறுக்கும் ஈக்கண்: முதுகெலும்பிலிகளின் காட்சி நிறமி குறித்து

1. தும்பி

அனைவருக்கும் வணக்கம். பழ ஈயின் விழித்திரை மின்வரைவை எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஈயை மெழுகால் அசையாமல் நிறுத்தி, உப்புக்கரைசல் நிரப்பிய கண்ணாடி மின்முனைகளில் ஒன்றைக் கண்ணின் மேற்பரப்பிலும் மற்றொன்றை மார்பிலும் வைத்து, சில நிமிடங்கள் இருட்டில் விட்ட பிறகு ஒளி காட்டுகிறேன். ஆரஞ்சு ஒளிக்குக் கோடு கீழிறங்குகிறது. ஒளியை நிறுத்தியதும் சற்று நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. இதில் சிக்கல் இல்லை.

வெள்ளைக் கண் கொண்ட திரிபு ஈக்கு 470 நானோமீட்டர் நீல ஒளியை வலுவாக ஐந்து நொடி காட்டினால்தான் வரைவு விசித்திரமாகிறது. ஒளியை அணைத்த பிறகும் கோடு கீழேயே நிற்கிறது. பத்து நிமிடம் காத்திருந்தும் மேலே வரவில்லை. அந்த நிலையில் மீண்டும் நீல ஒளி காட்டினால் மிகச் சிறிய அசைவு மட்டுமே கிடைக்கிறது. ஒளி தொடங்கும்போதும் முடியும்போதும் வழக்கமாக வரும் கூர்முனைகள் இரண்டும் காணாமல் போகின்றன. மின்முனை நழுவிவிட்டது என்று எண்ணி வேறு மூன்று ஈக்களில் செய்து பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே கதைதான். இயல்பான சிவப்புக் கண் ஈயில் இது நிகழவில்லை. ரொடாப்சின் ஒளியில் வெளிறிவிடும் என்று படித்திருக்கிறேன். நான் பார்ப்பது நிறமி முழுவதும் வெளிறிப்போன கண்ணையா?

2. அரைவட்டம்

அப்படித்தான் தோன்றுகிறது. நம் கண்ணின் கோல்செல்களில் ரொடாப்சின் என்பது ஆப்சின் என்ற புரதமும் அதனுள் பொருந்தியிருக்கும் 11-சிஸ் ரெட்டினாலும் சேர்ந்தது. ஓர் ஒளித்துகள் பட்டதும், ஏறத்தாழ 200 ஃபெம்டோநொடிகளுக்குள், வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்ந்து முழு-டிரான்ஸ் வடிவத்துக்கு மாறுகிறது. பிறகு அது புரதத்திலிருந்து கழன்றுவிடுவதால் நிறமி தன் நிறத்தை இழக்கிறது. கழன்ற ரெட்டினால் விழித்திரையின் பின்னுள்ள நிறமிப் படலத்துக்குப் போய், நொதிகளால் மீண்டும் வளைக்கப்பட்டுத் திரும்பி வரவேண்டும். கடும் ஒளிக்குப் பின் இருட்டுக்கு நம் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது இதனால்தான். உங்கள் ஈக்கும் பத்து நிமிடம் போதவில்லை, அவ்வளவே. இன்னும் அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

3. ஊசிமுனை

அரைவட்டம் அவர்கள் நம் கண்ணைப் பற்றிச் சொன்னது சரி. ஈயின் கண்ணுக்கு அது பொருந்தாது. முதலில் வரைவையே பாருங்கள். நிறமி வெளிறியிருந்தால் கண் குருடாகி, கோடு அடிநிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். இங்கே நடப்பதோ அதற்கு நேர்மாறு: ஒளி போன பின்னும் ஒளி இருப்பதுபோலவே செல்கள் குறிப்பு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கதவு மூடியிருப்பதற்கும் திறந்தபடி சிக்கிக்கொண்டதற்கும் உள்ள வேறுபாடு இது.

பூச்சிகள், கணவாய், நண்டு போன்றவற்றின் காட்சி நிறமியில் ரெட்டினால் நிமிர்ந்த பின்பும் புரதத்தை விட்டுக் கழல்வதில்லை. அந்த நிலையை மெட்டாரொடாப்சின் என்கிறோம். ஈயில் அது நிலையானது; தனக்கென்று ஒரு நிறமும் உடையது. பழ ஈயின் கூட்டுக்கண்ணைக் கட்டும் சிறு அலகான ஒவ்வொரு கண்ணலகிலும் உள்ள எட்டு ஒளியேற்பிச் செல்களில் வெளி வளையமாக அமைந்த ஆறில் இருக்கும் முதன்மை நிறமி, 480 நானோமீட்டர் அருகே ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. அதன் மெட்டாரொடாப்சினோ 570-580 அருகே உறிஞ்சுகிறது. நீல ஒளி முதலாவதை இரண்டாவதாக்கும். ஆரஞ்சு ஒளி இரண்டாவதை மீண்டும் முதலாவதாக்கும். நொதியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். இன்னோர் ஒளித்துகளே போதும்.

உங்கள் ஐந்து நொடி நீல ஒளி நிறமியின் பெரும்பங்கை மெட்டாரொடாப்சினாக மாற்றிவிட்டது. மெட்டாரொடாப்சின்தான் செயல்படும் வடிவம். அதை அடக்குவது அரெஸ்டின் என்ற புரதம். மெட்டாரொடாப்சினோடு ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைத்துவிடும். ஆனால் செல்லில் அரெஸ்டின் மூலக்கூறுகளின் எண்ணிக்கை நிறமி மூலக்கூறுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவு. எல்லா அரெஸ்டினும் ஆளுக்கொன்றாய் ஒட்டித் தீர்ந்த பிறகும் மெட்டாரொடாப்சின் மிச்சமிருந்தால், அந்த மிச்சம் இருட்டிலும் ஓயாமல் வேலை செய்யும். அதுவே நீங்கள் பார்த்த இறங்கி நிற்கும் கோடு. நீடித்த பின்மின்னழுத்தம் என்று இதற்குப் பெயர். ஒன்றும் செய்யாமல் விட்டால் மணிக்கணக்கில் கூட நிற்கும். அந்த ஆறு செல்களும் உச்சத்தில் சிக்கிக்கொண்டதால் அடுத்த நீல ஒளிக்கு அவற்றால் விடையளிக்க முடியாது. உங்களுக்குக் கிடைத்த சிறு அசைவு, வேறு நிறமிகளைக் கொண்ட நடுச்செல்கள் இரண்டிலிருந்தும் வருவது.

அரை மணி நேரம் காத்திருக்க வேண்டாம். 580 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஆரஞ்சு ஒளியைச் சில நொடி காட்டிவிட்டு வரைவு என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.

4. அரைவட்டம்

என் தவறை ஏற்கிறேன். சிக்கிய கதவு என்ற ஒப்புமை தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஓர் ஐயம். வெயில் ஏற ஏற மேலும் மேலும் நிறமி மெட்டாரொடாப்சினாக மாறத்தானே வேண்டும்? அப்படியானால் நண்பகலில் பறக்கும் ஈயின் நிறமி முழுவதும் தீர்ந்துபோய், அது உங்கள் ஆய்வு ஈயைப் போலச் சிக்கிய கண்ணோடு சுவரில் மோதிக்கொண்டல்லவா இருக்க வேண்டும்?

5. கணவாய்மை

இந்த இழையின் மையமே அரைவட்டம் எழுப்பியிருக்கும் இந்த ஐயம்தான் என்று நினைக்கிறேன். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரே நிற ஒளி விடாமல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொடாப்சின் அதை உறிஞ்சி மெட்டாரொடாப்சினாகிறது; மெட்டாரொடாப்சினும் அதே ஒளியை, கூடவோ குறையவோ, உறிஞ்சி ரொடாப்சினாகிறது. போவதும் வருவதும் சமமாகும்போது விகிதம் நிலைக்கிறது. அந்த அலைநீளத்தில் ரொடாப்சின் மாறும் வாய்ப்பு மெட்டாரொடாப்சின் மாறும் வாய்ப்பைப் போல மூன்று மடங்கு என்றால், முடிவில் நான்கில் மூன்று பங்கு மெட்டாரொடாப்சினாகவும் ஒரு பங்கு ரொடாப்சினாகவும் நிற்கும். இரு வாய்ப்புகளும் சமமாக உள்ள அலைநீளத்தில் பாதிக்குப் பாதி. இந்தக் கணக்கில் ஒளியின் வலிமை எங்கே வருகிறது? எங்குமே வரவில்லை. ஒளியைப் பத்து மடங்காக்கினால் போக்கும் பத்து மடங்கு, வரவும் பத்து மடங்கு. சமநிலையை எட்டும் நேரம் குறையும், விகிதம் அசையாது. விகிதத்தைத் தீர்மானிப்பது ஒளியின் நிறம் மட்டுமே.

நம் கண்ணில் நிலைமை வேறு. அங்கே போக்கு ஒளியால் நடக்கிறது, வரவு நொதிகளால் நடக்கிறது. நொதியின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, ஒளிக்கு இல்லை. அதனால் ஒளி ஏற ஏற நம் கோல்செல்களின் நிறமி கரைந்துகொண்டே போகிறது. நண்பகல் ஈக்கு அந்தக் கவலை இல்லை, ஏனெனில் வெயிலில் நீலமும் உண்டு, ஆரஞ்சும் சிவப்பும் உண்டு. கெடுக்கும் ஒளியும் மீட்கும் ஒளியும் ஒரே கதிரில் கலந்து வருகின்றன.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு அஸ்கலாபஸ் என்ற வலைச்சிறகுப் பூச்சி. தும்பிப் பூச்சியைப் போல வெயிலில் பறந்து இரை பிடிப்பது. அதன் கண்ணின் மேற்பகுதி வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஹாம்டார்ஃப், ஷ்வேமர், கோகாலா ஆகியோர் 1971-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குள்ள ரொடாப்சின் 345 நானோமீட்டரில், அதாவது புற ஊதாவில், உறிஞ்சுகிறது. மெட்டாரொடாப்சின் 475 நானோமீட்டரில் உறிஞ்சுகிறது. 475 என்பது நீல வானத்தின் நிறம்! பூச்சி புற ஊதாவில் இரையைத் தேடிக்கொண்டிருக்க, பின்னணியில் பரந்து கிடக்கும் நீலமே அதன் நிறமியை ஓயாமல் மீட்டுக்கொண்டிருக்கிறது.

6. தும்பி

ஊசிமுனை அவர்கள் சொன்னபடி செய்தேன். நீல ஒளிக்குப் பின் கோடு கீழே நின்றது. நான்கு நிமிடம் காத்திருந்து, 590 நானோமீட்டர் ஒளியை ஐந்து நொடி காட்டி அணைத்தேன். அணைத்த சில நொடிகளில் கோடு ஏறி அடிநிலையில் உட்கார்ந்துகொண்டது. பிறகு காட்டிய நீல ஒளிக்குப் பழைய அளவிலேயே முழு விடை வந்தது, கூர்முனைகள் உட்பட. ஒளி போனதும் கோடு மீண்டும் கீழேயே சிக்கிக்கொண்டது. நீலம், ஆரஞ்சு, நீலம், ஆரஞ்சு என்று ஒரே ஈயில் ஆறு முறை மாற்றிப் பார்த்தேன். மின்விசையைப் போட்டு அணைப்பதுபோல இருந்தது. மிக்க நன்றி.

இனி சிவப்புக் கண் ஈ. அதில் ஏன் இது நிகழவில்லை? கண்ணின் சிவப்பு நிறமி சிவப்பு ஒளியைக் கசியவிட்டு மெட்டாரொடாப்சினை மீட்டுவிடுகிறது என்று ஒருவர் சொன்னார்.

7. கணவாய்மை

சொன்னவர் கூற்று சரியே. கண்ணலகுகளுக்கு இடையே உள்ள திரை நிறமிகள் நீலத்தையும் பச்சையையும் தடுத்து, ஏறத்தாழ 600 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பை ஊடுருவ விடுகின்றன. லென்சின் வழியே நேராக வரும் ஒளி எல்லா நிறங்களையும் கொண்டது. பக்கவாட்டில் கசிந்து வருவதோ சிவப்பு மட்டும். அந்தக் கசிவு ஈயின் பார்வையைக் குலைக்காது, ஏனெனில் ரொடாப்சின் சிவப்பை அரிதாகவே உறிஞ்சும். மெட்டாரொடாப்சின் உறிஞ்சும். ஈயின் கண் ஏன் சிவப்பு என்று கேட்டால், நிறமியைப் புதுப்பிக்கத்தான் என்று சொல்லலாம்.

8. ஊசிமுனை

வெயிலில் பறக்கும் ஈயைப் பொறுத்தவரை கணவாய்மை சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தும்பியின் மேசையில் நடந்ததற்கு அது விளக்கமாகாது. அவர் காட்டியது 470 நானோமீட்டர் ஒளி மட்டும். அறையில் சிவப்பே இல்லாதபோது எது கசியும், எது மீட்கும்?

அங்கே வேறு காரணம் வேலை செய்கிறது. வெள்ளைக் கண் ஈயில் திரை நிறமி இல்லை. ஆகவே ஓரிடத்திலிருந்து வரும் நீல ஒளி கண்ணலகுகளின் சுவர்களைத் தாண்டிச் சிதறி, கண் முழுவதையும் நிரப்புகிறது. சிவப்புக் கண் ஈயில் விளக்கை நேராகப் பார்க்கும் கண்ணலகுகள் மட்டுமே ஒளியை முழுமையாகப் பெறுகின்றன. மற்றவை திரைக்குப் பின் ஏறத்தாழ இருட்டில் இருக்கின்றன. நிறமியில் சிறு பங்கே மாறுவதால் பெரும்பாலான செல்களில் அரெஸ்டின் போதுமானதாகிவிடுகிறது. தும்பி ஒளியை இன்னும் பல மடங்கு கூட்டி, நீண்ட நேரம் காட்டினால், சிவப்புக் கண் ஈயிலும் ஓரளவு பின்மின்னழுத்தத்தைக் காணக்கூடும்.

9. கணவாய்மை

ஏற்றுக்கொள்கிறேன். இயற்கையில் நடப்பதையும் ஆய்வுமேசையில் நடப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

10. அரைவட்டம்

அரெஸ்டின் போதாமைதான் காரணம் என்பதற்கு வேறு சான்று உண்டா? அரெஸ்டினைத் தொடாமல் அதைச் சோதிக்க முடியுமா?

11. ஊசிமுனை

முடியும், அதுவும் உணவை மாற்றியே. ஈயால் ரெட்டினாலைச் சொந்தமாக உண்டாக்க முடியாது. உணவிலுள்ள கரோட்டினாய்டுகளிலிருந்துதான் பெறவேண்டும். கரோட்டினாய்டு இல்லாத உணவில் முட்டையிலிருந்தே வளர்த்த வெள்ளைக் கண் ஈயில் நிறமியின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அத்தகைய ஈ ஒளிக்கு விடை தருகிறது. ஆனால் எவ்வளவு நீல ஒளி காட்டினாலும் கோடு சிக்குவதில்லை. மொத்த நிறமியும் மெட்டாரொடாப்சினானாலும் அதை அடக்க அரெஸ்டின் போதும் என்பதே பொருள். மறுபுறம், அரெஸ்டின் குறைந்த திரிபு ஈக்களில் சிறிதளவு நீல ஒளியே சிக்கவைக்கப் போதுமானதாக இருக்கிறது.

இந்தச் சிக்கல் நிலை ஆய்வாளர்களுக்கு ஒரு நல்ல வலையாகப் பயன்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் ஹில்மன், ஹோக்ஸ்டைன், மிங்கே ஆகியோர் பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசின் ஒளியேற்பிகளில் இதை விரிவாக ஆராய்ந்தனர். பழ ஈயில் வில்லியம் பாக் ஆய்வுக்குழுவினர், நீல ஒளிக்குப் பின் சிக்காத திரிபு ஈக்களைத் தேடித் தேடிப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு ‘நினா’ என்று பெயரிட்டனர். செயலிழப்பும் இல்லை, பின்மின்னழுத்தமும் இல்லை என்ற சொற்றொடரின் சுருக்கம் அது. நிறமி குறைவதற்கு எத்தனை வழிகள் உண்டோ அத்தனை மரபணுக்கள் அந்த வலையில் விழுந்தன. அவற்றுள் ‘நினா-ஈ’ (ninaE) முதன்மை ஆப்சினுக்கான மரபணுவே என்பது 1985-இல் தெரியவந்தது.

12. தும்பி

மெட்டாரொடாப்சின் ‘வேலை செய்கிறது’ என்று எழுதினீர்கள். என்ன வேலை என்பதையும் சொல்ல முடியுமா? நம் கோல்செல்லில் ஒளி பட்டால் அயனி வழிகள் மூடுகின்றன என்று படித்தேன். என் வரைவைப் பார்த்தால் ஈயில் அவை திறப்பதுபோலத் தெரிகிறது.

13. ஊசிமுனை

சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். ஈயின் ஒளியேற்பிச் செல்லில் ஏறத்தாழ 30,000 நுண்விரல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளம் உடையது, ஒவ்வொன்றிலும் ஆயிரம் அளவில் நிறமி மூலக்கூறுகள் உண்டு. அவற்றுள் ஒன்று மெட்டாரொடாப்சினானதும் ஜி-கியூ புரதத்தைத் தூண்டுகிறது. அது பாஸ்போலிபேஸ்-சி என்ற நொதியைத் தூண்டுகிறது. நொதி சவ்விலுள்ள பிப்-2 என்ற கொழுப்பைப் பிளக்கிறது. முடிவில் டிரிப், டிரிப்-எல் எனப்படும் வழிகள் திறந்து கால்சியமும் சோடியமும் உள்ளே பாய்கின்றன. ஒரே ஒளித்துகளுக்கு ஒரு நுண்விரலின் வழிகள் ஏறத்தாழ ஒருசேரத் திறந்து, 10 பிக்கோஆம்பியர் அளவிலான சிறு துடிப்பு உண்டாகிறது. நல்ல இருட்டில் இந்தத் துடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். முதன்முறை திரையில் அவை தனித்தனியே எழுவதைப் பார்த்தபோது, ஒளி துகள்களாக வருகிறது என்பதைக் கண்ணாலேயே கண்டதுபோல இருந்தது எனக்கு.

டிரிப் என்ற பெயரும் ஈயிலிருந்து வந்ததே. 1969-இல் கோசன்ஸ், மேனிங் ஆகியோர் விவரித்த ஒரு திரிபு ஈயில், ஒளி தொடர்ந்தாலும் விடை நிலைக்காமல் தேய்ந்துபோனது. அந்தக் குறையே வழிக்கும் பெயராயிற்று. வெப்பத்தை உணரும் நம் நரம்புமுனைகளில் இருப்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வழி; 2021-இல் டேவிட் ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அதன் கண்டுபிடிப்புக்கும் பங்கு உண்டு. பிப்-2 பிளந்தவுடன் டிரிப் எப்படித் திறக்கிறது என்பது நெடுங்கால வழக்கு. 2012-இல் ஹார்டியும் ஃபிரான்ஸும், ஒளி பட்டதும் இச்செல்கள் உண்மையிலேயே சற்றுச் சுருங்குவதை அளந்து காட்டினர்; பிளவினால் சவ்வில் ஏற்படும் இழுவையும் வழியைத் திறக்க உதவுகிறது என்பது அவர்கள் கருத்து. எனக்கு அது நம்பத்தக்கதாகவே படுகிறது.

14. அரைவட்டம்

அப்படியானால் எல்லா முதுகெலும்பிலிகளும் ஒளியாலேயே நிறமியை மீட்டுக்கொள்கின்றன என்று எழுதிக்கொள்ளலாமா?

15. கணவாய்மை

வேண்டாம். நான் பெயர் வைத்துக்கொண்ட விலங்கே அந்த வாக்கியத்துக்குத் தடை. கணவாய் இனங்களைச் சேர்ந்த ஸ்குவிட்டின் ரொடாப்சின் 493 நானோமீட்டரில் உறிஞ்சுகிறது. அதன் மெட்டாரொடாப்சின் அமிலச் சூழலில் 500 நானோமீட்டரிலும், காரச் சூழலில் 380 நானோமீட்டரிலும் உறிஞ்சுகிறது. குடுவையில் எடுத்த சாற்றைப் பாருங்கள்: ஒளி காட்டிய பிறகும் சிவந்தே இருக்கும், அதில் சிறிது காரம் சேர்த்தால் மஞ்சளாகும், மீண்டும் அமிலம் சேர்த்தால் சிவப்புத் திரும்பும். ரெட்டினால் கழன்றுபோயிருந்தால் சிவப்பு திரும்பி வராது.

இப்போது 5-ஆம் பதிவின் கணக்கை இங்கே போடுங்கள். 493-க்கும் 500-க்கும் இடையே பிரித்தறிய இடமே இல்லை. எந்த நிற ஒளி பட்டாலும் கலவைதான் மிஞ்சும். ஈக்குக் கிடைத்த ஆரஞ்சுச் சலுகை ஸ்குவிட்டுக்குக் கிடையாது. அதிலும் ஆழ்கடலில் ஆரஞ்சும் சிவப்பும் மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதன் விழித்திரையில் ரெட்டினோக்ரோம் என்ற இரண்டாவது நிறமி இருக்கிறது. டோமியுகி ஹாராவும் ரெய்கோ ஹாராவும் 1960-களில் அதைக் கண்டறிந்தனர். ரொடாப்சின் செய்வதை அது தலைகீழாகச் செய்கிறது: நிமிர்ந்த ரெட்டினாலை ஏற்று, ஒளி பட்டதும் அதை 11-சிஸ் வடிவத்துக்கு வளைக்கிறது. ஒரு சுமைப்புரதம் வளைந்ததை ரொடாப்சின் பக்கம் கொண்டுசென்று, நிமிர்ந்ததை இங்கே கொண்டுவருகிறது. ஆகவே அங்கேயும் ஒளிதான் மீட்கிறது, ஆனால் வேறொரு பட்டறையில்.

பட்டாம்பூச்சிகளிலோ மெட்டாரொடாப்சின் இருட்டில் நிமிடக் கணக்கில் தானே மறைகிறது. இதைக் கண்ணைத் திறக்காமலே, அவற்றின் கண்ணொளிர்வை, அதாவது கண்ணுக்குள் சென்று திரும்பி மிளிரும் ஒளியை, அளந்தே அறிந்தார்கள். ஈயிலும் மெட்டாரொடாப்சினின் ஒரு பகுதி உள்ளிழுக்கப்பட்டுச் சிதைந்து, புதியது உண்டாக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது; ஒளியால் மீட்பது வேகமான வழி, ஒரே வழி அன்று.

16. தும்பி

அடுத்த கேள்வியோடு முடித்துக்கொள்கிறேன். ஒளியே மீட்கிறது என்றால், எவ்வளவு ஒளி பட்டாலும் இக்கண்களுக்குச் சேதமே இல்லையா?

17. ஊசிமுனை

நிறமியின் விகிதம் காப்பாற்றப்படுகிறது. செல் காப்பாற்றப்படும் என்பதற்கு உறுதியில்லை. ஆழத்தில் மங்கிய ஒளியில் வாழும் நார்வே இறாலை வலையில் பிடித்துப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அதன் விழித்திரை மீளாத சேதமடைகிறது. சிக்கிய நிலையில் உள்ளே பாயும் கால்சியமும் செல்லுக்கு நல்லதல்ல. அரெஸ்டின் ஒட்டிய மெட்டாரொடாப்சின் அளவுக்கு மீறி உள்ளிழுக்கப்படும் திரிபு ஈக்களில் ஒளியேற்பிகள் அழிந்தே போகின்றன. உங்கள் வெள்ளைக் கண் ஈக்களையும் நீல ஒளிக்குப் பின் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆரஞ்சு காட்டிய பிறகு எடுத்து வையுங்கள்.

டைனோபிஸ் என்ற சிலந்தி முற்றிலும் வேறு வழியில் போகிறது. இரவில் வலையைக் கையில் பிடித்துக்கொண்டு இரையின் மேல் வீசுவது அது. மாலையில் தன் ஒளியேற்பிச் சவ்வைப் பெருமளவில் புதிதாகக் கட்டிக்கொண்டு, விடிந்ததும் அதைச் சிதைத்துவிடுகிறது. பகலில் தேவைப்படாத நிறமியைக் காப்பதைவிட, கலைத்துவிட்டு மாலையில் மீண்டும் கட்டுவதே அதற்குக் கட்டுப்படியாகிறது போலும்.

18. அரைவட்டம்

இழையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் படித்தேன். 2-ஆம் பதிவில் நம் கண்ணுக்கும் ஈயின் கண்ணுக்கும் ஒரே விதியைப் பொருத்தியது தவறு என்று தெரிந்தாலும், நம் கண்ணில் ஈயின் வகை நிறமி அறவே இல்லை என்று சொல்ல முடியுமா?

19. கணவாய்மை

முடியாது. 1998-இல் தவளைத் தோலின் நிறமிச்செல்களில் மெலனாப்சின் கண்டறியப்பட்டது. பிறகு நம் விழித்திரையின் நரம்புமுடிச்சுச் செல்களில் சிலவற்றிலும் அது இருப்பது தெரிந்தது. அமைப்பில் அது நம் கோல்செல் ரொடாப்சினைவிட ஈயின் ரொடாப்சினுக்கே நெருக்கமானது. ஜி-கியூ, பாஸ்போலிபேஸ்-சி, டிரிப் குடும்ப வழி என்று அதே வரிசையில் செல்கிறது. ஒளியாலேயே மீளவும் வல்லது. கண்மணி சுருங்குவதிலும், உடலின் பகல்-இரவுக் கடிகாரத்தை ஒளிக்கேற்பத் திருத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

20. தும்பி

கரோட்டினாய்டு இல்லாத உணவில் நேற்று முட்டைகளை இட்டிருக்கிறேன். ஈக்கள் வெளிவர இன்னும் பத்து நாள் ஆகும். அறை விளக்குக்கு ஆரஞ்சு வடிகட்டியும் பொருத்திவிட்டேன், ஒவ்வொரு ஈயும் ஒரே நிலையிலிருந்து தொடங்கும்படி. வரைவுகளை இதே இழையில் இடுகிறேன்.